முற்போக்குப் பேரனுக்குப் பின்வாசல் புத்திமதி

ஏல மக்கா, திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போன பொறவு நீ ரொம்ப முற்போக்கா ஆயிட்டேன்னு ஒங்கம்மா பெருமையடிக்கா. சந்தோசம். தோள்ல துணிப்பை, வாயில மூங்கில் பிரஷ்ஷு, போன்ல எந்நேரமும் பூமி சூடாகுத கவலை. ஆச்சி சுண்டல் கட்டித் தந்த பாலித்தீன் கவரை நீ மொறைச்ச மொறைப்புல அவ ரெண்டு நாளா சுண்டலே அவிக்கல. தப்பில்ல, முற்போக்கை விட்டுராத. ஆனா அதுக்கும் ஒரு பின்வாசல் உண்டு. அப்பப்பத் தொறந்து பாத்துக்கோ.

ஒங்க ஊருக்குப் பின்வாசல் நம்ம திருநெல்வேலிதாம்ல. 2024 டிசம்பர்ல நடுக்கல்லூர், கொடகநல்லூர், பழவூர்னு மூட்டை மூட்டையா ஒங்க ஊரு ஆஸ்பத்திரிக் குப்பை கெடந்துச்சு. பிரிச்சா ஊசி, பஞ்சு, நோயாளி சீட்டு. கொட்டினவன் விலாசத்தையும் சேத்தே கொட்டிட்டுப் போயிருக்கான், என்ன ஒரு நேர்மை! பசுமைத் தீர்ப்பாயம் மூணு நாள்ல அள்ளுங்கன்னு சொல்லிட்டு. 22-ந்தேதி கேரள அதிகாரிக 16 லாரியோட வந்தாக. சம்பந்தி வீட்டுச் சீரைத் திருப்பி அனுப்புத மாதிரி ஊரே நின்னு வேடிக்கை பாத்துச்சு.

அதே மாசம் 12-ந்தேதிதான் வைக்கத்துல ரெண்டு மாநில முதலமைச்சரும் ஒண்ணா நின்னு பெரியார் நினைவகத்தைத் தொறந்து வச்சாக. ரெண்டு பேரும் முற்போக்கு. அங்க கைதட்டல் ஓயதுக்குள்ள இங்க மூக்கைப் பொத்த வேண்டியதாப் போச்சு.

நம்மாளு யோக்கியன்னு சொல்ல வரல கேட்டியா. எந்தக் குளத்துக்கரையில ஆளரவம் இருக்காதுன்னு வெளியூரு லாரிக்காரனுக்கு எப்படித் தெரியும்? கைதானதுல சுத்தமல்லிக்காரனும் உண்டு. தரகுக்கு மட்டும் எல்லையே கெடையாது பாரு.

இப்ப ஒனக்கு ஒரு வாத்தியாரைக் காட்டுதேன். மார்க்ஸும் இல்ல, காந்தியும் இல்ல. விளப்பில்சாலைப் பொம்பளைக. 2000-லேருந்து ஒங்க நகரத்துக் குப்பை பூரா அந்த ஊரு ஆலைக்குத்தான் போச்சு. உரம் பண்ணுதோம்னாக. ஊருக்கு மிஞ்சுனது நாத்தமும் கெட்டுப்போன தண்ணியும். 2011 டிசம்பர்ல பஞ்சாயத்தே ஆலையை இழுத்துப் பூட்டிட்டு. 2012 பிப்ரவரில கோர்ட்டு உத்தரவோட, போலீசு காவலோட லாரி வந்துச்சு. பொம்பளைக, பிள்ளைக எல்லாரும் ரோட்டை மறிச்சாக. வந்த லாரி வந்த வழியே போச்சு.

அதுக்கப்புறம்தாம்ல ஒங்க நகரத்துக்கு ஞானம் பொறந்துச்சு. வீட்டுக் குப்பையை வீட்டுலேயே மக்கவைக்கத் தொட்டி, தெருமுனையில தும்பூர்முழி உரக்கூடு. பிளாஸ்டிக்கை வாங்க ஹரித கர்ம சேனைப் பொண்ணுக வாசலுக்கு வாறாக. நீ படம் புடிச்சுப் போடுத பச்சை நகரம் எந்தக் கட்சி மாநாட்டுலயும் பொறக்கல. கொட்ட எடம் கெடைக்காமப் போனதுல பொறந்துச்சு. நாம ஒரு தடவையாவது அப்படி ரோட்டுல ஒக்காந்திருக்கோமா? நாம ஒக்காருதது டீக்கடையிலதான்.

ஞானம் வந்துட்டுன்னு நம்பிராத. 2024 ஜூலைல தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில ஓடுத ஆமையிழஞ்சான் ஓடைல குப்பை அள்ள எறங்குன கூலிக்காரன் தண்ணியோட போனான். மூணாம் நாள்தான் ஒடம்பு கெடைச்சுது. எடம் ரயில்வேயோடதா, மாநகராட்சியோடதான்னு மேல நின்னு சண்டை. இதுல நையாண்டி பண்ண எனக்கு வாயி வரல, விட்டுருதேன்.

அடுத்து விழிஞ்ஞத்துக்கு வா. 2015-ல உம்மன் சாண்டி ஆட்சில துறைமுகத்துக்கு ஒப்பந்தம் போட்டப்போ ஊழல்னு குதிச்சது இடதுசாரி. பொறவு ஆட்சிக்கு வந்து அவுகளே கட்டினாக. 2022-ல கடல் எங்க வீட்டைத் தின்னுதுன்னு மீனவங்க நூறு நாளைக்கு மேல போராடுனாக. 2025 மே 2-ந்தேதி மோடி வந்து துறைமுகத்தைத் தொறந்தாரு. அன்னைக்கு இது யாரு பெத்த பிள்ளைன்னு கட்சிக்குக் கட்சி சண்டை. கடலுக்குள்ள போட்ட பாறையில நம்ம திருநெல்வேலி, கன்னியாகுமரி மலையும் உண்டு. அந்த மலையைப் பெத்தது யாருன்னு மட்டும் ஒருத்தரும் கேக்கல. இங்கேருந்து மலை போகுது, அங்கேருந்து ஊசி வருது. கணக்கு நேராத்தான் இருக்கு.

2025 டிசம்பர் மாநகராட்சித் தேர்தல்ல 101 வார்டுல 50-ஐ பாஜக புடிச்சுட்டுன்னு நீ சோறு திங்காமக் கெடந்தியாமே. தின்னுல. செவப்புக் கொடி எறங்கிக் காவிக்கொடி ஏறுனா குப்பை என்ன நெறமா மாறப் போகுது? எந்தக் கொடி பறந்தாலும் ஒன் வார்டு கவுன்சிலர் வீட்டுக்குப் போ. நல்லாக் கும்பிடு. “சேட்டா, இந்த மாசத்து ஆஸ்பத்திரி ஊசியெல்லாம் எந்த ஊருக்குப் போச்சு?”ன்னு கேளு. பதில் சொன்னா எனக்குப் போன் போடு. சொல்லாட்டியும் போடு, நான் கொளத்துக்கரை வரைக்கும் ஒரு நடை போயிப் பாத்துட்டுச் சொல்லுதேன்.