கொஞ்சம் ரிப்பேர் இருக்கு, கேப்டன்!

1892 குளிர்காலம். பாஸ்டன் துறைமுகத்தில் கேப்டன் ஜோஷுவா ஸ்லோகம் வேலையில்லாமல் திரிந்துகொண்டிருந்தார். பாய்க்கப்பல்காரர்களின் பிழைப்பில் நீராவிக் கப்பல்கள் மண்ணள்ளிப் போட்டிருந்த நேரம். திமிங்கில வேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஈபன் பியர்ஸ் என்ற நண்பர் வந்தார். ஃபேர்ஹேவனில் தன்னிடம் ஒரு கப்பல் இருக்கிறது, சும்மாவே தருகிறேன், கொஞ்சம் ரிப்பேர் மட்டும் என்றார். அந்தக் ‘கொஞ்ச’த்தை நம்பித்தான் உலகத்தில் பழைய படகுக்காரர்கள் அத்தனை பேரும் கெட்டது.

போய்ப் பார்த்தால் கப்பல் வயலில் நிற்கிறது! ‘ஸ்ப்ரே’ என்று பேர். ஒரு காலத்தில் சிப்பி அள்ளப் போன படகு. ஏழு வருடமாக முட்டுக் கொடுத்து, துணி போர்த்தி வைத்திருந்தார்கள். கேப்டன் அதை உடைத்து விறகாக்க வந்திருக்கிறார் என்று ஊர் நினைத்தது. இல்லை, புதுப்பிக்கப் போகிறேன் என்றதும், “கட்டுப்படியாகுமா?” என்று ஒருவர் விடாமல் எல்லோரும் கேட்டார்கள்.

கேப்டன் கோடரியோடு போய்ப் பக்கத்திலேயே ஓக் மரத்தை வெட்டிச் சாய்த்து அடிமரம் போட்டார். படகின் விலா எலும்புகளான வங்குகளை ஆவியில் வேகவைத்து வளைத்தார். பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்துக் கலப்பத்து அடிக்கும்போது, அது பிதுங்கி வெளியே வந்துவிடும் என்று கரையிலிருந்து சாபம் விழுந்தது. வரவில்லை. கடைசியில் பழைய படகில் பாக்கி இருந்தது பேர் மட்டும்தான். பலகை பலகையாக முழுக்க மாற்றினாலும் கப்பல் அதே கப்பல்தான் என்பது லாயிட்ஸ் கப்பல் பதிவகத்தின் சாஸ்திரம் என்று சொல்லிவிட்டார் மனிதர். 13 மாத உழைப்பு, 553 டாலர் 62 சென்ட். சென்ட் வரை எழுதி வைத்திருக்கிறார். கையைச் சுட்டுக்கொண்டவனுக்குத்தான் சில்லறையும் மறக்காது.

ஒரு பருவம் மீன்பிடித்துப் பார்த்தார். தூண்டிலில் இரை கோக்கக்கூடத் தெரியவில்லை. சரி, உலகத்தைச் சுற்றிவிடலாம் என்று 1895இல் தனியாளாகக் கிளம்பிவிட்டார். நடுக்கடலில் எங்கே இருக்கிறோம் என்று கணிக்க நல்ல கடிகாரம் வேண்டும். இவர் வாங்கியது தகரக் கடிகாரம்: ஒன்றரை டாலர் விலை, முகப்பு உடைந்திருந்ததால் ஒரு டாலர்.

போகிற வழியெல்லாம் வியாபாரம். மெகல்லன் நீரிணையில் கரையொதுங்கிக் கிடந்த கொழுப்புப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டார். ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவில் இறங்கி, தீவுக்காரர்களுக்கு மாவைக் கொழுப்பில் பொரித்து டோநட் போடக் கற்றுக்கொடுத்தார். பிறகு அந்தக் கொழுப்பையே அவர்களுக்கு விற்றார். முழுகிப்போன கப்பலிலிருந்து எடுத்த பழங்காசுகளைக் கொடுத்தார்கள். அதைப் பழம்பொருள் பித்தர்களிடம் கூடுதல் விலைக்குத் தள்ளிவிட்டார்.

மெல்போர்னில் துறைமுக வரி கேட்டார்கள். படகைப் பார்க்க ஆளுக்கு ஆறு பென்ஸ் என்றார் கேப்டன். கூட்டம் குறைந்ததும் ஒரு சுறாவைப் பிடித்துப் போட்டு, அதைப் பார்க்கவும் ஆறு பென்ஸ் என்றார். சுறாவைப் பற்றிப் பிரசங்கம் செய்ய ஒரு ஐரிஷ்காரரையும் அமர்த்தினார்.

1898இல் ஊர் திரும்பினார். உலகத்தைத் தனியாகப் பாய்க்கப்பலில் சுற்றிய முதல் ஆள். அப்புறமும் கை சும்மா இருக்கவில்லை. 1901 பஃபலோ கண்காட்சிக்கு ஸ்ப்ரேயை ஓட்டிப் போனார். புயலில் கிழிந்த பாயைத் துண்டு துண்டாக நறுக்கி, சின்னப் புத்தகத்தில் வைத்து நினைவுப் பொருளாக விற்றார்.

கொழுப்பு விலைபோனது, சுறா விலைபோனது, கிழிந்த பாயும் விலைபோனது. படகை மட்டும் விற்க மனசு வரவில்லை. 1909இல் தெற்கே கிளம்பியவர் அதையும் கையோடு கொண்டுபோய்விட்டார். இன்றுவரை இருவரில் ஒருவரும் திரும்பவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது. அதற்கு மட்டும் அவர் காசு செலவழிக்கவே இல்லை.