புல்தரைப் பாழும் ஞாயிற்றுக்கிழமைத் தோட்டக்காரரும்: ஓர் ஆராய்ச்சி

வீட்டு முன்புறப் புல்தரை ஏன் பாழாகிறது என்று கேட்டால், கவனிக்க ஆளில்லை என்பதே உலகம் சொல்லும் விடை. சென்னை, கோவை முதலிய ஊர்களின் கொரியன் புல்லைக் கெடுத்தது அலட்சியமன்று, ஞாயிற்றுக்கிழமைக் கவனிப்பே என்பது இவ்வாராய்ச்சியின் துணிபு. முதற்சான்று கோரை. உலகின் மோசமான களைகளை ஆராய்ந்து 1977இல் வெளிவந்த ஆங்கில நூல் இதற்கே முதலிடம் கொடுத்தது. பெரும்பாலும் புல் பதிக்கவென்று காசு கொடுத்து இறக்கிய செம்மண்ணோடுதான் இது வீட்டுக்குள் வருகிறது. வீட்டுத்தலைவர் லுங்கியை மடித்துக்கட்டி இழுக்கிறார்; தாள் மட்டும் பட்டென்று கையோடு வந்துவிடுகிறது. விடாப்பிடிக்காரரானால் களைக்கொத்தை எடுத்துக் கிளறுவார். மண்ணுக்குள் கோரைக்கிழங்குகள் சரமாய்க் கோத்துக் கிடப்பவை. சரம் அறுந்ததும், அதுவரை உறங்கிய கிழங்குகள் தனித்தனியே முளைவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் வேலை தயார்.

மற்றச் சான்றுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். தினமும் மாலையில் ஹோஸ் பைப்பால் மேலோடு நனைத்தால் வேர் கீழே இறங்காது. வெட்டுகிற வேலை மிச்சமென்று ஒட்ட வெட்டினால் தரையில் வெயில் விழுந்து, வெளிச்சத்துக்காகக் காத்திருந்த களை விதையெல்லாம் முளைக்கும். ஒருமுறைக்குப் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. எப்போதாவது, ஆனால் ஆழமாய், தண்ணீர் விடவேண்டும். இரண்டுமே சோம்பேறிக்கு உகந்த விதிகள் என்பது கவனிக்கத்தக்கது.

அப்படியானால் சும்மாவே விட்டுவிடலாமே என்பர் ஒரு சாரார். கூடாது, நெருஞ்சியும் குப்பைமேனியும் வந்த பின்னால் வேலிக்கருவை வரும், அதற்கப்புறம் ஜேசிபிதான். மருந்தடிப்போம் என்பார் இன்னொரு சாரார். கிளைபோசேட் புல்லையும் சேர்த்தே கொல்லும். கரும்புக் கொல்லையில் கோரைக்கென்றே அடிக்கும் மருந்து உண்டு. அது கோரையை அடக்கினாலும் அருகம்புல்லைத் தொடாது. ஆராய்ச்சி சூடுபிடிப்பது இங்கேதான். கொரியன் புல்லுக்குள் அருகு வந்தால் களை. நர்சரியில் அதையே பெர்முடா என்று விலைக்கு விற்கிறார்கள். நடைப்பயிற்சிக்காரர் பூங்கா வாசலில் சாறாய்க் குடிக்கிறார், பிள்ளையாரோ மாலையாய்ப் போட்டுக்கொள்கிறார். மிதித்தாலும் காய்ந்தாலும் மீண்டும் துளிர்த்து, தானே படர்ந்து இடைவெளியை மூடுவது. ஆகவே சீரமைப்பின் மலிவான வழி, அருகையே புல்தரையென்று அறிவித்துவிட்டுக் கொரியனைக் களையாகக் கருதுவது. மாமர நிழலில் அருகு வராதே என்பது நியாயமான ஆட்சேபம்தான். அந்த இடத்தைப் பெருக்கி ஒரு நாற்காலி போட்டால் போயிற்று. அக்கம்பக்கத்தார் காட்டுப்புல் வளர்க்கிறார்கள் என்று ஏசுவார்களே என்பது கடைசி ஆட்சேபம். ஏசட்டும். விநாயகர் சதுர்த்தியன்று விடிகாலையில் அவர்களேதான் ஒரு பிடி கேட்டுக் கூடையோடு கேட் முன்னால் நிற்பார்கள்.