வாங்குறவன் கேப்பான்ல?

சகலையிடம் மணி கேட்டால் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்துப் பார்த்துத்தான் சொல்வார். கையில் ரோலக்ஸ் இருக்காது. அது வீட்டில், பீரோவில், பெட்டிக்குள் பெட்டியாக, ஏதோ ஒரு மணியில் நின்றுபோய்க் கிடக்கும். ஆட்டோமேட்டிக் வாட்ச், கட்டிக்கொண்டு கையை ஆட்டினால்தான் ஓடும். கட்டினால் கீறல் விழும். கீறல் விழுந்தால் என்ன என்று கேட்டுவிடாதீர்கள்.

“நாளைக்கு வாங்குறவன் கேப்பான்ல, சகல?”

இந்த வாங்குறவன் யார் என்று எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. சகலைக்கும் தெரியாது. ஆனால் அவனுக்கு எது பிடிக்கும், எதைக் கண்டால் முகம் சுளிப்பான், எதற்கு விலையைக் குறைப்பான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கட்டின மனைவி காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொள்வாள் என்று இன்றுவரை தெரியாத மனிதர், முகம் தெரியாத ஒருவனின் விருப்பு வெறுப்புகளை மனதில் வைத்தே குடித்தனம் நடத்துகிறார்.

அவனுக்குப் பெட்டி வேண்டுமாம். பெட்டியை வைத்துக் கொடுத்த அட்டைப் பெட்டியும் வேண்டுமாம். கடை பில், வாரண்டி கார்டு, கையேடு, வாட்ச்சோடு தொங்கிய பச்சை டேக், செயினிலிருந்து கழற்றிய கண்ணிகள், சர்வீஸ் செய்திருந்தால் அந்த ரசீதுகள், எல்லாம் சேர்ந்தால் ‘ஃபுல் செட்’. அதில் ஒன்று குறைந்தாலும் பேரத்தில் அடி. அதனால் சகலை வீட்டில் வாரண்டி கார்டு பேங்க் லாக்கரில் இருக்கிறது. லாக்கரில் இடமில்லாததால் என் மச்சினியின் நகைகள் பீரோவில் இருக்கின்றன. கடைக்காரன் வாட்ச்சைப் போட்டுக் கொடுத்த காகிதப் பையில் அவள் ஒருமுறை பக்கத்து வீட்டுக்கு முறுக்கு கொடுத்தனுப்பிவிட்டாள். முறுக்கு போனது பற்றிச் சகலைக்குக் கவலையில்லை. பை திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்றார்.

கண்ணி காணாமல் போன கதைதான் உச்சம். சகலைக்கு ஒல்லிக் கை. செயினில் இரண்டு கண்ணிகளைக் கழற்றிச் சின்ன ஜிப் கவரில் போட்டு வைத்திருந்தார். ஒரு நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை எடுக்கப்போய்ப் பரண் கலைந்ததில் அந்தக் கவரைக் காணோம். ஆபீசுக்கு லீவு போட்டார். மெத்தையைக் கிழிக்காததுதான் பாக்கி. “உங்க கைக்குத்தான் அது தேவையில்லையே, போனாப் போகட்டும்” என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு பரிதாபம். “எனக்குத் தேவையில்ல சகல. வாங்குறவன் குண்டா இருந்தா?” கடைசியில் ஊசிநூல் டப்பாவில் பித்தானோடு பித்தானாகக் கிடைத்தது. வாங்குறவன் குண்டு என்பது எங்களுக்கெல்லாம் அன்றுதான் தெரியும்.

கேலி செய்கிறேனே தவிர, அவர் சொல்வதில் பொய் கிடையாது. ஒரே மாடல், ஒரே வருஷம், ஒன்றுக்குப் பெட்டியும் கார்டும் உண்டு, இன்னொன்று அம்மணமாக வருகிறது என்றால் இரண்டும் ஒரே விலைக்குப் போகாது. போலிகள் அவ்வளவு நன்றாக வர ஆரம்பித்துவிட்டன. கார்டில் இருக்கும் எண்ணும் வாட்ச்சில் பொறித்த எண்ணும் ஒத்துப்போனால்தான் வாங்குபவனுக்குப் பாதி பயம் போகும். திருட்டு மாலா, கஸ்டம்ஸ் கட்டாமல் வந்ததா என்கிற மீதி பயத்துக்கு பில் பதில் சொல்லும்.

பாலிஷ் விஷயத்திலும் அவர் கட்சிதான் சரி. பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பழகிய நமக்கு, பழைய வாட்ச்சையும் பளபளவென்று ஆக்கினால் விலை ஏறும் என்றுதான் தோன்றும். இறங்கும். தேய்க்கத் தேய்க்க உலோகம் கரைகிறது. செயினைப் பிடித்திருக்கும் காதுகளின் கூர்மையான விளிம்பு சோப்புக்கட்டி மாதிரி மழுங்கிவிடுகிறது. விவரம் தெரிந்தவன் லென்ஸை வைத்து முதலில் பார்ப்பதே அந்த விளிம்பைத்தான். அதனால் சகலை சர்வீசுக்குக் கொடுக்கும்போது ‘பாலிஷ் போடக்கூடாது’ என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டுதான் நகர்வார். டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்தால் அதைவிட மோசம். அதே டயல் வருஷக்கணக்கில் வெயில் பட்டுத் தானாகப் பழுப்பேறியிருந்தால் அதற்கு ‘ட்ராபிகல்’ என்று பெயர் வைத்து அதிகமாகக் கொடுக்கிறார்கள். நம் ஊரில் வெயிலில் கருத்ததற்காக மதிப்புக் கூடுகிற ஒரே மார்க்கெட் இதுவாகத்தான் இருக்கும்.

தங்கம், எஃகு சமாச்சாரம் என் மாமியாருக்குக் கடைசிவரை புரியவில்லை. தங்க வாட்ச் வாங்கினால் பெரும்பாலும் கடைப்படி இறங்கும்போதே நஷ்டம். தி.நகரில் கொண்டுபோய் அதில் வைரம் பதித்துவிட்டால் இன்னும் நஷ்டம். சில எஃகு வாட்ச்சுகளுக்கோ கடையில் காத்திருப்போர் பட்டியல். காத்திருக்க முடியாதவன் பழையதைப் புதியதை விடக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறான். ஜெரால்ட் ஜென்டா என்ற ஸ்விஸ் வடிவமைப்பாளர் 1972-இல் ஓடமார் பிகே கம்பெனிக்கு ராயல் ஓக் என்ற எஃகு வாட்ச்சையும், 1976-இல் படேக் ஃபிலிப்புக்கு நாட்டிலஸையும் வரைந்து கொடுத்தபோது, எஃகுக்குத் தங்க விலையா என்று ஊரே சிரித்ததாம். 2021-இல் படேக் அந்த நாட்டிலஸில் 5711 என்ற மாடலை நிறுத்தியது. அதே வருஷம் டிசம்பரில், டிஃபனி நகைக்கடையின் நீல நிறத்தில் டயல் போட்ட ஒன்று நியூயார்க் ஏலத்தில் 65 லட்சம் டாலருக்குப் போனது. கடை விலை சுமார் 53 ஆயிரம் டாலர். சகலை இதைச் சொல்லும் தோரணையைப் பார்த்தால் மீதிப் பணம் அவர் கணக்கில் வந்து விழுந்த மாதிரி இருக்கும்.

2022 தொடக்கத்தில் அவருடைய வாட்ச்சுக்கும் நல்ல விலை வந்தது. “விக்கலயா?” என்றேன். “இன்னும் ஏறும்” என்றார். அந்த வருஷமே மார்க்கெட் சறுக்கியது. “இப்பவாவது?” என்றேன். “லாங் டெர்ம் சகல” என்றார். விற்கவும் மாட்டார், கட்டவும் மாட்டார். இவருக்கு விற்றவரும் அதைக் கட்டியதில்லையாம். இவர் அதைப் பெருமையாக வேறு சொல்கிறார். செய்த நாளிலிருந்து ஒருவருக்கும் மணி காட்டாமல் பீரோ விட்டுப் பீரோ தாண்டிக்கொண்டிருக்கிற கடிகாரம்.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது மாமனார் வாட்ச் விஷயத்தில்தான். எச்எம்டி ஜனதா, சாவி கொடுக்கிற வாட்ச். மின்வாரியத்தில் ரிட்டயர் ஆனபோது கூட வேலை பார்த்தவர்கள் காசு போட்டு வாங்கிக் கொடுத்தது. பின்மூடியில் அவர் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். அவருடைய காரியமெல்லாம் முடிந்த அன்று மாமியார் அதை எடுத்துவந்து, யார் வைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். சகலை கைநீட்டி வாங்கினார். செல்போன் டார்ச்சைப் போட்டார். திருப்பிப் பார்த்தார். “அடடா, பின்னாடி பேர் வெட்டிட்டாங்களே. போச்சு” என்றார். மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எங்கே எதைப் பேசுவது என்று ஒரு மனிதருக்குத் தெரிய வேண்டாமா? அன்றைக்கு நான் அவரோடு சாப்பிட உட்காரவில்லை.

பிறகு ஒருநாள் அவருடைய மார்க்கெட்டை வைத்தே அவரை மடக்கினேன். ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கார் பந்தயம் ஓட்டியவர். பார்த்து ஓட்டும்படி பின்மூடியில் வெட்டி, அவர் மனைவி ஜோன் உட்வர்ட் ஒரு ரோலக்ஸ் டேட்டோனா வாங்கிக் கொடுத்தார். மனிதர் அதைப் பூட்டி வைக்கவில்லை, வருஷக்கணக்கில் கட்டினார். 1984-இல் மகளோடு பழகிய பையனிடம் மணி கேட்டிருக்கிறார். தன்னிடம் வாட்ச்சே இல்லை என்றிருக்கிறான். உடனே கழற்றி அவனிடம் கொடுத்து, தினமும் சாவி கொடுத்தால் ஒழுங்காக ஓடும் என்றாராம். அந்த வாட்ச் 2017-இல் நியூயார்க்கில் ஏலம் போனபோது விலை சுமார் 1 கோடியே 77 லட்சம் டாலர். “அதுலயும் பின்னாடி வெட்டித்தானே இருந்தது?” என்றேன்.

சகலை அசரவில்லை. “அது பால் நியூமன், சகல. நம்ம மாமனார் லைன் இன்ஸ்பெக்டர்.”

ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓடாமல் கிடந்த அந்த ஜனதாவை எடுத்துக்கொண்டு பாரிமுனைப் பக்கம் ஒரு பழைய ரிப்பேர்காரரிடம் போனவர் அவர்தான், நான் இல்லை. எச்எம்டி வாட்ச் கம்பெனியையே 2016-இல் மூடிவிட்டார்கள். அப்படியும் வேறு மெஷினிலிருந்து கண்டதைக் கழற்றிப் போடக்கூடாது, ஒரிஜினல் பாகம்தான் வேண்டும் என்று சனிக்கிழமை சனிக்கிழமையாக அலைந்தார். மும்பைப் பக்கம் பழைய எச்எம்டிகளுக்குக் கலர் கலராக டயல் அடித்து விற்கிற கதையெல்லாம் சொல்லி, டயலில் கை வைக்கக்கூடாது என்று ரிப்பேர்காரரை மிரட்டியிருக்கிறார். தன் காசில் தோல் வார் வாங்கி மாட்டி, ஓடவிட்டுக் கொண்டுவந்து மாமியார் கையில் கொடுத்தார். அன்று கொஞ்சம் பிடித்துப்போயிற்று இவரை.

மாமியார் காலையில் சாவி கொடுத்துக் கையில் தொளதொளவென்று கட்டிக்கொள்கிறார். அதோடேயே மாவு பிசைகிறார், துணி அலசுகிறார், பாத்திரம் தேய்க்கிறார். சகலை வந்தால் சமையலறை வாசலை விட்டு நகர மாட்டேன் என்கிறார்.

“அத்தை, தண்ணில கை வைக்கும்போது கழட்டிடுங்க. உள்ள ஈரம் போனா டயல் போயிடும். டயல் போச்சுன்னா...”

“யாருக்கு மாப்ள விக்கப் போறோம்?”

சகலை என்னைப் பார்த்தார். நான் பேப்பரைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் சும்மா நின்றவர், குரலைத் தணித்துக்கொண்டு, “இதோட பெட்டி எங்கயாவது கிடக்கா அத்தை?” என்றார்.

“அந்த டப்பாவா? உங்க பொண்ணு பொறந்தப்ப வசம்பு போட்டு வச்சேன். எங்க போச்சோ.”

“மூடியாவது இருக்குமா?”