பின்பனிப் பாலையில் ஓடுவார் அநுபவம்: கிள்ளையிலிருந்து ஒரு சாஸ்திரீய விசாரம்

உலகத்து வஸ்துக்கள் யாவும் ஆராய்ச்சிக்கு உரியனவே என்றும், அவற்றுள் சில இன்னும் ஆராயப்படாமல் கிடப்பது அவற்றின் தகுதிக் குறைவாலன்று, பட்டம் வேண்டி அலைவார் எவர் கண்ணிலும் அவை இன்னும் படாமையால்தான் என்றும் கற்றோர் கூறுவர். அங்ஙனம் கேட்பாரற்றுக் கிடந்த விஷயங்களுள் ஒன்று, பனிக்காலத்தில் பாலைவனத்துச் சிற்றூர்களில் மாரத்தான் ஓடித் திரும்புவோர், அகப்பட்டவர்களை உட்கார வைத்துச் சொல்லும் அநுபவமாகும். ஓட்டம் 42.195 கிலோமீட்டரோடு நின்றுவிடும். அநுபவத்துக்கு அத்தகைய எல்லைக்கோடு எதனையும் எந்தச் சர்வதேச ஸ்தாபனமும் இதுவரை விதிக்கவில்லை. ஆதலின் அதனை இயல் இயலாக வகுத்து, இலக்கணம் கூறி, ஐயம் அகற்றி வைப்பது அவசியமாயிற்று.

இவ்வாராய்ச்சி முழுவதும் கிள்ளையில் இருந்துகொண்டே செய்யப்பட்டது. சிதம்பரத்துக்குக் கிழக்கே, பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டை அடுத்து அமைந்த இப்பேரூராட்சியில் எத்திசை நோக்கினும் நீரே தென்படும்: வாய்க்காலில் நீர், உப்பங்கழியில் நீர், ஐப்பசி கார்த்திகையில் வீட்டு வாசற்படியிலும் நீர். பாலைவனம் மருந்துக்கும் கிடையாது. ஆகவே பாலைவனத்தைப் பற்றி ஆராய்வதற்கு இதனினும் உகந்த ஸ்தலம் வேறில்லை. கண்ணெதிரே உள்ள பொருளைப் பற்றி எழுதப் புகுந்தால், அப்பொருளே அடிக்கடி குறுக்கிட்டு ஆராய்ச்சியாளனை மறுத்துவிடும். காணாத பொருளோ மிக்க அடக்கமுடையது.

பிரமாண நூல்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்துறையில் முன்னோர் நூல் ஏதும் இயற்றி வைக்காமையால், பின்னோர் இயற்றப் போகும் நூல்களையே மேற்கோளாகக் கொண்டோம். அவற்றுள் தலையாயது, இனி எழுதப்படவிருக்கும் ‘காலணிக் காரிகை’. எழுதிய நூலை எடுத்துக்காட்டினால், வேலையற்ற எவரேனும் அதைப் புரட்டிப் பார்த்து, ‘அப்படி ஒன்றும் இல்லையே’ என்று கேட்கக்கூடும். எழுதாத நூலுக்கு அந்த அபாயம் இல்லை. எழுதிய நூல்களையும் இதே தைரியத்துடன் மேற்கோள் காட்டுவார் உளர் என்பது வேறு விஷயம்.

தூரவியல்

1896-ல் ஏதென்ஸில் ஓடியபோது மாரத்தான் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். 1908-ல் லண்டனில், விண்ட்ஸர் மாளிகையிலே தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பத்தார் வீற்றிருந்த மேடைக்கு எதிரே முடியும்படி அமைத்ததில் அது 26 மைல் 385 கெஜம் ஆயிற்று. 1921-ல் அதுவே நிலையான தூரமாக விதிக்கப்பட்டது. அரச குடும்பத்தார் நாற்காலியை விட்டு எழுந்து நடக்க வேண்டாம் என்பதற்காக இன்று உலகமே கடைசி 385 கெஜத்தை நாக்குத் தள்ள ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைத் தவிர, இவ்வியலில் சொல்லத்தக்கது வேறொன்றும் இல்லை.

காலவியல்

பாலைவனத்தில் பனிக்காலத்தில் ஓடுவது இலக்கணத்துக்குப் பொருந்துமா என்பது முதல் வினா. தொல்காப்பியர் அகத்திணையியலில் பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் உரிமையாக்கி, அத்துடன் நில்லாமல், பின்பனியும் அதற்கு உரியதே என்று தனியே ஒரு சூத்திரமும் செய்து வைத்தார். கொதிக்கும் பாலைக்குப் பனிக்காலம் எதற்கு என்று பிற்காலத்தார் மயங்கினர். மயக்கத்துக்கு இடமே இல்லை. அல்ஜீரியாவின் தென்மேற்கு மூலையில், திந்தூஃப் நகரை அடுத்த சஹ்ராவி அகதி முகாம்களிடையே 2001 முதல் நடந்துவரும் சஹாரா மாரத்தான், பிப்ரவரி மாதக் கடைசி வாக்கில் ஓடப்படுவது. அதாவது மாசி, அதாவது பின்பனி. தொல்காப்பியர் யாரை மனத்திற்கொண்டு அச்சூத்திரம் செய்தார் என்பது இப்போது வெள்ளிடை மலை.

இதனைக்கொண்டு மாரத்தான் தமிழருடையதே என்று நிறுவ ஒரு கருத்தரங்கு போதும். இரண்டாவது கருத்தரங்கில், மதிய உணவுக்கு முன்னதாகவே, கிரேக்கரும் தமிழரே என்று தீர்மானம் நிறைவேற்றிவிடலாம்.

ஆனால் ராஜஸ்தானத்து ஜெய்சல்மேரிலிருந்து லோங்கேவாலாவை நோக்கி டிசம்பரில் ஓடுகிறார்களே, அது மார்கழியை ஒட்டிய முன்பனி ஆயிற்றே, அதற்கு விதி எங்கே என்று வினவுவார்க்கு, அதனை வழுவமைதியாகக் கொள்க என்பதே விடை. நண்பகலைப் பற்றியும் ஒரு நுட்பம் உண்டு. வறண்ட காற்றும் மேகமற்ற வானமும் பகலில் ஏறிய வெப்பத்தை இரவில் தடுத்து வைக்காமையால், பாலை மணல் விடியற்காலையில் சில்லிட்டுக் கிடக்கும். அக்குளிரில் இரண்டு சட்டையும் குல்லாயுமாகப் பல் கிட்டிக்கப் புறப்படுகிறவன், ஒவ்வொன்றாகக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, உச்சிப் பொழுதில் சூரியனைத் தவிர வேறு துணையின்றி நிற்பான். வேகமாக ஓடுவோர் நண்பகலுக்கு முன்னரே முடித்துவிடுவதால் அவர்களிடம் சிறுபொழுது அமையவில்லை. மெதுவாக ஓடுவோரே இலக்கணப்படி ஓடுவோர். கடைசியாக வருகிறவன் பண்டிதன்.

நிலவியல்

மணலில் ஓடுவது கடினம் என்பதைப் பெல்ஜியத்து லூவேன் சர்வகலாசாலையைச் சேர்ந்த அறிஞர் சிலர் 1998-ல் கருவிகொண்டு அளந்து உறுதி செய்தனர். கெட்டித் தரையில் ஓடுவதைப் போல் மணலில் ஓடுவதற்கு 1.6 மடங்கு சக்தி செலவாகிறதாம். இது ஓட்டக்காரர்களுக்கு மிக்க மகிழ்ச்சி அளித்த கணக்கு. பலர் இதனை மனப்பாடமாகவே சொல்வர். அதே அறிஞர்கள் அதே கட்டுரையில், மணலில் நடப்பதற்கோ 2.1 முதல் 2.7 மடங்கு வரை செலவாகிறது என்றும் எழுதி வைத்தனர். அதை எவரும் மனப்பாடம் செய்யவில்லை.

இக்கணக்கு கிள்ளையில் பெரிய சங்கடத்தை விளைவிக்கிறது. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள், ஒரு மாரத்தானுக்கு மேற்பட்ட தூரத்தைக் கடந்து, வழியூர்களில் தங்கித் தங்கி இவ்வூருக்கு எழுந்தருளுகிறார். தைக்காலில் தர்காவின் சார்பில் இஸ்லாமியப் பெருமக்கள் வரவேற்றுச் செய்யும் மரியாதையை ஏற்கிறார். முழுக்குத்துறையில் தீர்த்தவாரி காண்கிறார். அன்று கடற்கரை மணலில், இடுப்பில் ஒரு குழந்தையும் தலையில் கட்டுச்சோற்று மூட்டையும், கையில், வர மறுக்கும் இன்னொரு குழந்தையுமாக நடக்கும் ஒரு தாய், பெல்ஜியத்துக் கணக்கின்படி, அடிக்கு அடி எந்தப் பாலைவன ஓட்டக்காரனைக் காட்டிலும் கூடுதலான சிரமமடங்கைச் செலுத்தியவளாகிறாள். ஆயினும் அவள் மார்பில் எண் பொறித்த துணி இல்லை; கழுத்தில் பதக்கம் இல்லை; மறுநாள் எவரையும் பிடித்து வைத்து அநுபவம் சொல்வதும் இல்லை. சொல்லப்படாத அநுபவம் ஆராய்ச்சிக்கு ஆதாரமாகாது என்பது முறையியலின் முதல் விதியாதலின், அவளை இவ்விடத்தே விடுத்து மேற்செல்கிறோம்.

பசியியல்

எல்லாருக்கும் பசித்தது.

மணல் புகுவியல்

இனி, இந்நூலின் உயிர்நிலையான இயலுக்கு வருகிறோம். பாலைவனத்தில் ஓடியவர் எவரை வினவினும், தூரத்தையும் குளிரையும் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டு, காலணிக்குள் மணல் புகுந்த வரலாற்றை ஒரு நாழிகை சொல்லக் கேட்கலாம். மணலும் வியர்வையும் சேர்ந்து தோலை உராய, கொப்புளம் எழுகிறது. கொப்புளம் உடைய, காவியம் பிறக்கிறது.

மணல் புகுதல் என்பது யாது? மணலே காலணிக்குள் புகுகிறது என்பர் மணற்பிரவேசவாதிகள். மணல் அநாதிகாலமாக அங்கேயே கிடக்கிறது, காலணிதான் அதனுள் வந்து புகுகிறது, ஆகவே குற்றம் மணலினதன்று என்பர் காலணிப்பிரவேசவாதிகள். இரண்டும் உண்மையே என்பர் உபயப்பிரவேசவாதிகள். மாநாடுகளில் தலைமை வகிப்போர் பெரும்பாலும் இவர்களே. புகுந்த மணல் உள்ளே தங்குவது எவ்வாறு என்பதிலும் இரு கலைகள் உண்டு. குரங்குக்குட்டி தாயைப் பற்றுவதுபோல மணல் தன் முயற்சியால் காலுறையைப் பற்றுகிறது என்பது மர்க்கட நியாயம். தாய்ப்பூனை குட்டியைக் கவ்வுவதுபோலக் காலுறையே கவ்விக்கொள்கிறது, மணல் சரணாகதி செய்து சும்மா இருக்கிறது என்பது மார்ஜார நியாயம். இவ்விரு கலையாரும் இன்னும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிடுவதில்லை.

எத்தனை மணல் புகுந்தால் ‘மணல் புகுந்தது’ எனலாம்? ஒன்று புகினும் புகுதலே என்று ‘காலணிக் காரிகை’ உறுப்பியல் கூறவிருக்கிறது. அதற்கு எழுதப்படவிருக்கும் பழைய உரை (இப்போது அது எழுதப்படவில்லை, புத்துரை வெளிவந்தவுடன் பழையதாகிவிடும்) ‘ஒன்று’ என்றது சுண்டுவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைப்பட்ட ஒன்றினையே என்று சுருக்கும். அவ்வுரைக்கு மறுப்பாக எழுந்து, மறுக்கப்பட்ட உரையைப் படிக்காமலே மறுத்தமையால் தனிப்பெருமை எய்தவிருக்கும் ‘குதிகால் கண்டனம்’, கட்டைவிரலுக்கு நேர்ந்த அநீதியைப் பன்னிரண்டு அத்தியாயங்களில் எடுத்துரைக்கும். அக்கண்டனத்தின் ஏழாம் அத்தியாயத்து அடிக்குறிப்புக்குப் பின்னொரு காலத்தில் வரையப்படும் விசேஷக் குறிப்பின்படி, அவ்வடிக்குறிப்பு அச்சுப் பிழையால் நேர்ந்தது. ஆனால் அதற்குள் அதன்மேல் மூவர் டாக்டர் பட்டம் பெற்றிருப்பராதலால், பிழையைத் திருத்துவது அவர்தம் குடும்ப நலனை உத்தேசித்து ஒத்திவைக்கப்படும்.

நடைமுறையாளர் வேறு வழி கண்டனர். மொராக்கோவில் பாத்ரிக் பாவேர் 1986-ல் தொடங்கிய ‘மராத்தோன் தே ஸாப்ல்’ என்னும் ஓட்டத்தில், சுமார் 250 கிலோமீட்டரைப் பல நாட்களாகப் பிரித்து, தம் உணவைத் தாமே முதுகில் சுமந்து ஓடுவோர், காலணியின் விளிம்பைச் சுற்றி வெல்க்ரோ பட்டை தைத்து, பாராசூட் துணியாலான உறையை அதன்மேல் ஒட்டி, முழங்கால் வரை இழுத்துக் கட்டுகின்றனர். வெப்பத்தில் பாதம் வீங்குமாதலால் அளவிற் பெரிய காலணியும் வாங்குகின்றனர். இவ்வளவும் செய்த பின்னரும் மணல் புகுந்ததாகவே சொல்கின்றனர். இதனால் மணலுக்கு ஸ்தூல சரீரம், சூட்சும சரீரம் என இரண்டு உண்டென்பது பெறப்படும்.

நின்று உதறுவதா, பொறுத்துக்கொண்டு ஓடுவதா என்பது அடுத்த வினா. உதறினால் நேரம் போகிறது. உதறி முடித்துப் பத்தடி வைப்பதற்குள் உதறியது திரும்புகிறது. உதறாவிடில் தோல் போகிறது. இக்கர்ம பந்தத்துக்கு விடுதலை உண்டா என்று களஆய்வின் பொருட்டு முழுக்குத்துறைக்குச் சென்று, படகு நிழலில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் மூன்று வாதங்களையும் இரண்டு நியாயங்களையும் விரிவாக எடுத்துரைத்தோம். அவர் ஊசியை நிறுத்தாமலே, “செருப்ப கழட்டிட்டு ஓட வேண்டியதுதானே, ஐயா” என்றார். களஆய்வில் இத்தகைய இடையூறுகள் நேர்வது சகஜம். இக்கருத்தை ஏற்றால் இவ்வியல் முழுவதும் இல்லாமற் போகுமாதலால், இது ஏற்கத்தக்கதன்று.

தாகவியல்

1904-ல் அமெரிக்காவில், செயின்ட் லூயி நகரத்து ஒலிம்பிக் மாரத்தானில், அமைப்பாளரான ஜேம்ஸ் சல்லிவன் என்பார், தண்ணீர் குடியாமல் ஓடினால் தேகத்துக்கு என்ன நேரும் என்று அறியும் ஆர்வத்தால், வழியில் தண்ணீர் கிடைக்கும் இடங்களை வேண்டுமென்றே சுருக்கி வைத்தார். ஆகஸ்டு மாதத்து வெயில். மோட்டார்கள் கிளப்பிய புழுதி. ஓடத் தொடங்கிய 32 பேரில் 14 பேரே முடித்தனர். முடித்தவர்களுள் முதல்வராகிய தாமஸ் ஹிக்ஸுக்கு வழியில் எட்டிக் கொட்டையின் சத்தாகிய ஸ்டிரிக்னைன் ஊட்டப்பட்டது. அது பாலைவனமன்று, ஆயினும் ஆராய்ச்சியாளர் மனம் வைத்தால் எந்த ஊரும் பாலைவனமாகும். தாகம் எடுத்தவர் ஒருவர், அளந்தவர் மற்றொருவர் என்னும் இவ்வேற்பாடு பின்வந்த பல சர்வகலாசாலைகளுக்கும் வழிகாட்டியாயிற்று.

வழிதவறலியல்

மாவ்ரோ புரோஸ்பேரி என்னும் இத்தாலியர் 1994-ல், மேற்சொன்ன மொராக்கோ ஓட்டத்தில் மணற்புயலில் சிக்கி வழி தவறினார். பாழடைந்த ஒரு சமாதிக் கட்டடத்தில் ஒதுங்கி, வௌவால்களின் இரத்தத்தைக் குடித்து உயிர் தரித்து, ஏறத்தாழ பத்து நாட்களுக்குப் பின் எல்லை கடந்து அல்ஜீரியாவில் மீட்கப்பட்டார். வேனிற்காலத்து ஓட்டமாதலால் இது நம் விஷயத்துக்குப் புறம்பானது. சுவை கருதிச் சேர்த்தோம். அவர் பிற்காலத்தில் அதே ஓட்டத்துக்குத் திரும்பவும் போய் ஓடினார் என்பதற்கு எந்தச் சாஸ்திரத்திலும் விளக்கம் கிடையாது.

விருந்தியல்

சஹாரா மாரத்தானுக்கு வெளிநாடுகளிலிருந்து வருவோரை முகாம்களில் வாழும் குடும்பத்தாரே தம் வீடுகளில் இருத்தி உபசரிக்கின்றனர். மும்முறை காய்ச்சிச் சிறு கண்ணாடிக் கோப்பைகளில் தேநீர் தருவது அவர்கள் வழக்கம். 1975 முதல் மேற்குச் சஹாராவை விட்டு வெளியேறிய அம்மக்கள், முகாம்களுக்குத் தாங்கள் நீங்கி வந்த ஊர்களின் பெயர்களையே இட்டிருக்கின்றனர்: எல் ஆயூன், அவ்ஸெர்த், ஸ்மாரா. எல் ஆயூனில் புறப்படும் ஓட்டம் அவ்ஸெர்த் வழியாக ஸ்மாராவில் முடிகிறது. பாலையின் உரிப்பொருள் பிரிவு என்று இலக்கணம் கூறும். இங்கே உரை வேண்டுவதில்லை.

வெற்றியியல்

வென்றோரைக் கண்டு அநுபவம் கேட்க முயன்றோம். அவர்கள் ஓடி முடித்து, குளித்து, உண்டு, உறங்கப் போய்விட்டனராம். சொல்வதற்கு ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லச் சொல்லிச் சென்றார்களாம். ஆகவே இவ்வியலுக்கு வேண்டிய செய்திகள் அனைத்தும் பதினேழாவதாக வந்தவரிடமிருந்து திரட்டப்பட்டன; அவர் இன்னும் பேசிக்கொண்டிருப்பதால், எஞ்சிய பகுதி அடுத்த சம்புடத்தில் வெளிவரும்.