அறிவுக்கு எத்தனையாம் வேற்றுமை? கொச்சிக்கடையிலிருந்து ஓர் ஆராய்ச்சி

கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் போட்டோக்கொப்பிக் கடைகளில் வேலை விண்ணப்பமும் டைப் பண்ணித் தருவார்கள். பெயரும் விலாசமும் ஆளுக்காள் மாறும். ஒரு வசனம் மட்டும் அசையாது: ‘ஐ ஹேவ் குட் நொலெஜ் இன் கொம்பியூட்டர்.’

அந்த ‘இன்’ எங்கிருந்து வந்தது என்பதே இவ்வாய்வின் பொருள். ஆங்கிலேயர் அவ்விடத்தில் ‘ஒஃப்’ போடுவர். போதாக்குறைக்கு முன்னால் ஓர் ‘அ’வையும் நட்டு, ‘அ குட் நொலெஜ் ஒஃப்’ என்பர். எண்ண முடியாத அறிவுக்கு ‘ஒரு’ எதற்கு என்று டியூஷன் சேரிடம் கேட்டுப் பயனில்லை. ‘அது அப்படித்தான்’ என்பதே இத்துறையின் மூத்த சூத்திரம்.

‘இன்’னின் பூர்வீகம் ஏழாம் வேற்றுமை என்பது ஆய்வின் துணிபு. தொல்காப்பியர் அதற்குக் ‘கண்’ என்று உருபு கொடுத்தார், இன்றைக்கு ‘இல்’. கணக்கில் கெட்டிக்காரன், இங்கிலீஷில் புலி, சமையலில் சூரி: தமிழருக்குத் திறமை எப்போதும் ஒரு பாடத்துக்குள்தான் குடியிருக்கிறது. கொம்பியூட்டரில் அறிவு, ஆகவே ‘இன்’. இதில் பிழை பிடிக்கும் ஆங்கிலேயரும் ‘இன்ட்ரஸ்ட்’, ‘ஸ்கில்’, ‘டிகிரி’ எல்லாவற்றுக்கும் ‘இன்’ என்றே போடுகிறார். அறிவுக்கு மட்டும் தனிச் சட்டம். அறியாமைக்கும் அதே ‘ஒஃப்’ போட்டு ‘இக்னரன்ஸ் ஒஃப் த லோ’ என்பதைக் கவனித்தால், அறிந்தவரையும் அறியாதவரையும் ஒரே வாங்கில் இருத்தியது தெரியவரும். நியாயம் கொச்சிக்கடைப் பக்கம், புள்ளி மறுபக்கம்.

வினைச்சொற்களும் லேசில் பிடிபடா. அறிவைத் தமிழில் பெறலாம், வளர்க்கலாம், ஊட்டலாம், புகட்டலாம். ஆங்கிலத்தில் ‘கெய்ன்’ பண்ணலாம், ‘எக்வயர்’ பண்ணலாம். ‘லேர்ன் நொலெஜ்’ என்றால் சிவப்புப் பேனை இறங்கும். ‘இம்பார்ட்’ என்ற சொல்லோ பரிசளிப்பு விழாவுக்கென்றே பெட்டியில் மடித்து வைத்த பட்டுவேட்டி.

எந்தச் சொல்லோடு எந்தச் சொல் ஒட்டும் என்பது பிறநாட்டாருக்குத்தான் தலையிடி என்பதற்குச் சரித்திரச் சான்றும் உண்டு. ஹரல்ட் பாமர் இத்தகைய ஆங்கிலச் சேர்க்கைகளைத் திரட்டி 1933இல் அறிக்கை வெளியிட்டது டோக்கியோவில். அவர் வழிவந்த ஹோர்ன்பியின் அகராதி 1942இல் முதலில் அச்சேறியதும் ஜப்பானில்தான். ஒக்ஸ்ஃபோர்ட் அதை 1948இல் வெளியிட்டது. லண்டன்காரருக்கு அப்படியொரு புத்தகம் தேவைப்படவில்லை. பிறக்கும்போதே ‘ஒஃப்’போடு பிறந்தவர்கள்!

கொச்சிக்கடைக்காரருக்கு அகராதிக்கு மேலே ஒரு மேன்முறையீடும் இருக்கிறது. காணாமற்போனதைக் கண்டெடுத்துத் தருபவர் புனித அந்தோனியார். அவர் 1231இல் இறந்தார். 1263இல் கல்லறையைத் திறந்தபோது நாக்கு மட்டும் அழியாதிருந்தது என்பது வரலாறு. அந்த நாக்கின் சிறு துணுக்கு கொச்சிக்கடை ஆலயத்தில் திருப்பண்டமாக உள்ளது. நாவுக்கும் தொலைந்ததற்கும் ஒரே புனிதர் என்றால், தொலைந்த ‘ஒஃப்’புக்காகச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றுவதை ஆய்வு ஆட்சேபிக்காது.

‘ஒஃப்’ மெய்யாகவே ஆளைக் கவிழ்ப்பது வெள்ளவத்தையில், சம்பந்தம் பேசும்போது. ‘ஐ நோ த ஃபமிலி’ என்றால் அந்த வீட்டில் இருந்து சாப்பிட்டுப் பழகியவர். ‘ஐ நோ ஒஃப் த ஃபமிலி’ என்றால் பெயரைக் கேள்விப்பட்டவர், அவ்வளவே. சொல் ஒன்று கூடுகிறது, உறவு ஒன்று குறைகிறது. லண்டன் சொந்தக்காரர் வட்ஸ்அப்பில் இரண்டாவது வசனத்தை அனுப்பியிருக்க, பெண்ணின் தகப்பனார் ‘ஒஃப்’பை வெறும் அலங்காரமாக வாசித்துவிட்டுச் சாதகக் குறிப்பைத் தேடுகிறார் என்று வைப்போம். ஓ/எல்லில் ஆங்கிலத்துக்கு ‘ஏ’ எடுத்த தாயார் கண்ணாடியைப் போடுகிறார்.

“இஞ்சை பாருங்கோ, ‘ஒஃப்’ எண்டெல்லோ போட்டிருக்கிறார். வேற ஆரிட்டையும் விசாரியுங்கோ.”