சர்விசுக்குப் பின் காடி நிற்றல்: ஜெலுத்தோங் வட்டார ஆய்வு

எந்த ஆய்வையும் சொல்லாராய்ச்சியில் தொடங்குவது மரபு. பினாங்குத் தமிழர்கள் 'கார்' என்று எழுதுவார்கள். வாயைத் திறந்தால் 'காடி'தான். வடநாட்டுச் சொல் கப்பலேறி வந்து இங்கே குடியுரிமை வாங்கிவிட்டது. நம் பழைய அகராதிகளைப் புரட்டினாலோ, காடி என்பதற்குப் புளித்த கஞ்சி என்று பொருள் போட்டிருக்கும். இந்த இரண்டு காடிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்பது மொழியறிஞர் துணிபு. நேற்று சர்விஸ் செய்த காடி இன்று நட்டநடு ரோட்டில் நின்ற அனுபவம் அவர்களுக்கு வாய்க்கவில்லை என்று கொள்க.

ஆராய வேண்டிய இன்னொரு சொல் 'போமென்'. ஆங்கிலத்து ஃபோர்மேன் மலாய் வாயில் போமென் ஆனார். ஆங்கிலத்தில் அவர் மற்றவர் வேலையை மேற்பார்ப்பவர். இங்கே ஸ்பேனர் பிடித்த எல்லாரும் போமென். ஒர்க்‌ஷாப்பில் நாலு பேர் இருந்தால் நாலு போமென், மேற்பார்க்கத்தான் ஆளில்லை. சொற்பொருள் மாறினால் எஞ்சின் நிற்கும் என்பதை நிறுவ இந்த ஒரு சான்றே போதும். ஆனாலும் ஆய்வு என்றால் தரவு கேட்பார்கள்.

தரவு ஒன்றே ஒன்று: என் காடி. ஒற்றைத் தரவை வைத்து முடிவுக்கு வருவது ஆய்வுநெறி அன்று என்போர் தங்கள் காடியைக் கொடுத்து உதவலாம்.

வெள்ளிக்கிழமை மாலை ஜெலுத்தோங்கில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயர் வேண்டாம், அடுத்த சர்விசும் அங்கேதான். மினியாக் ஹித்தாம் மாற்றினார்கள். எஞ்சின் ஆயிலுக்கு மலாயில் இப்படிப் பெயர், கறுப்பெண்ணெய் என்று பொருள். ஊற்றும்போது அது தேன் நிறம், வடிக்கும்போதுதான் கறுப்பு. பெயர் வைத்தவர் வடிக்கும்போது மட்டும் பக்கத்தில் நின்றவராக இருக்க வேண்டும். ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிளக் எல்லாம் புதிது. பில் 380 ரிங்கிட். டாஷ்போர்டைக்கூடத் துடைத்துக் கொடுத்தார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை மாமாவை ஏற்றிக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் புறப்பட்டேன். பலகையில் ஜாலான் மஸ்ஜித் நெகிரி என்று போட்டிருந்தாலும் ஊர் இன்னும் கிரீன் லேன் என்றே சொல்கிற சாலை. சிவப்பு விளக்கில் நின்றோம். பச்சை விழுந்தது. எல்லாரும் போனார்கள், நாங்கள் போகவில்லை. சாவியைத் திருப்பினால் எஞ்சின் பிடிக்கிறது, இருமுகிறது, ஒருமுறை உடம்பைக் குலுக்கிவிட்டு அடங்குகிறது. பின்னால் ஹாரன். மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் கேட்காமலே இறங்கி ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். நன்றி சொல்வதற்குள் போய்விட்டார்கள்.

நான் போமெனுக்குப் போன் போட்டேன். "லாயின் சாக்கிட், போஸ்," என்றார். வேறு நோயாம். நேற்று அவர் பார்த்தது ஒரு நோய், இன்று வந்திருப்பது இன்னொன்று. இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காகதாலீய நியாயம் என்று சாஸ்திரக்காரர்கள் சொல்வதைத்தான் போமென் மூன்றே சொல்லில் சொன்னார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது. காக்கையின் மேல் பழி போடாதே. தர்க்கம் சுத்தமானது. இதில் ஒரே ஒரு குறை. இந்தக் காக்கை சும்மா வந்து உட்காரவில்லை. பனங்காய்க் காம்பை ஸ்பேனர் வைத்துத் திருகிவிட்டு, 380 ரிங்கிட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறது.

மாமா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். அவர் எஞ்சினைப் பார்க்கவே இல்லை.

"நேத்து எங்கெங்க கை வச்சானுங்க, மாப்ள?"

"எல்லாத்துலயும்தான் மாமா."

"எல்லாத்துலயும்னா? பில்ல எடு."

பில்லை வாங்கி ஓலைச்சுவடி படிப்பதுபோல் வரிவரியாகப் பார்த்தார். ஏர் ஃபில்டர் என்ற வரியில் விரல் நின்றது. பிறகுதான் பானெட்டைத் திறந்தார். ஃபில்டர் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த ரப்பர் குழாய் வாயைப் பிளந்துகொண்டு ஒரு விரல்கடை விலகி இருந்தது. அதை இறுக்கிப் பிடிக்க வேண்டிய இரும்பு கிளிப் குழாயின் மேல் வளையல்போலத் தொளதொளவென்று கிடந்தது. காற்றை அளக்கும் சென்சார் பெட்டிப் பக்கம் இருக்க, அளவில் சேராத காற்று அந்தப் பிளவு வழியே உள்ளே போயிருக்கிறது. கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்த காற்றுக்கு மட்டும் பெட்ரோல் தந்தது. எஞ்சினுக்கு அது பற்றவில்லை. மாமா குழாயை அழுத்தி மாட்டி, சட்டைப் பையிலிருந்து 20 சென் காசு ஒன்றை எடுத்து, கிளிப் திருகின் பிளவில் வைத்து நாலு சுற்றுச் சுற்றினார். காடி உடனே ஸ்டார்ட் ஆனது.

"கை பட்ட இடத்தைத் தேடு" என்ற இந்த மாமா கொள்கைக்கு மேல்நாட்டிலும் ஆதரவு உண்டு. கான்ராட் வாடிங்டன் என்பவர் கருவியல் அறிஞர். கருவில் இருப்பது எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் அவரைப் பிரிட்டிஷ் விமானப்படைக்கு இழுத்துவிட்டார்கள். நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறக்கும் விமானங்களுக்கு 50 மணி நேரப் பறத்தலுக்கு ஒருமுறை கட்டாய சர்விஸ். பழுதுக் கணக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, சர்விஸ் முடிந்த உடனேதான் பழுதுகள் மிகுந்திருந்தன; நாளாக ஆகக் குறைந்தன; அடுத்த சர்விஸ் வந்ததும் மறுபடி ஏறின. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றி மாட்டியதே கோளாறு. சர்விஸ் இடைவெளியை நீட்டியதும் விமானங்கள் கூடுதல் நேரம் வானத்தில் இருந்தன. இந்த விவரங்களை அவர் புத்தகமாக வெளியிட 1973 வரை ஆயிற்று. மாமா அதைப் படித்ததில்லை. வாடிங்டனும் லாரி ஓட்டியதாகத் தெரியவில்லை.

உள்ளூர்ச் சான்று வேண்டுவோர் பினாங்குக் கொடிமலையைப் பார்க்கலாம். 1923 முதல் ஏறி இறங்கிக்கொண்டிருந்த மலை ரயிலை 2010இல் நிறுத்தி, 63 மில்லியன் ரிங்கிட் செலவில் புதுப்பித்து, 2011 ஏப்ரலில் திறந்தார்கள். திறந்த முதல் சில மாதங்களில் அது எத்தனையோ முறை நின்று ஊர் வாயில் விழுந்தது. பழைய ரயிலை நினைத்துப் பெருமூச்சு விட்டவர்கள் அப்போது பலர்.

மறுசான்றாகச் சிலர் 1985இல் ஒரு நாளைக் காட்டுவர். அன்று பினாங்குப் பாலத்தின் திறப்புவிழா. பிரதமர் மகாதீர் தாமே புரோட்டோன் சாகாவை ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார், காடி நிற்கவில்லையே என்பர். அந்த மாடலே அப்போதுதான் வெளிவந்திருந்தது. அவர் ஓட்டியது புதுக் காடி, சர்விஸ் முடிந்த காடி அன்று. எனவே இச்சான்று தள்ளத்தக்கது. புதுக் காடிக்கு இன்னொரு பலமும் உண்டு. குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோவிலில் பூசை போட்டு, நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் நம்மவர்கள் அதை ஓட்டுவார்கள். சர்விஸ் முடிந்த காடிக்கு யாரும் எலுமிச்சம்பழம் வைப்பதில்லை. இந்த இடைவெளி தனி ஆய்வுக்குரியது.

கை பட்டுக் கெடும் இடங்கள் பல. அவற்றுள் கொடியது ஆயில் ஃபில்டர். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில சமயம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்க்காமல் புதியதைப் பூட்டினால் வளையத்தின் மேல் வளையம். கொஞ்சதூரம் ஒன்றும் தெரியாது. அழுத்தம் ஏறியதும் வளையம் பிதுங்கி, மினியாக் ஹித்தாம் முழுவதும் ரோட்டில் ஊற்றிவிடும். ஓடும்போதே ஆயில் விளக்கு எரிந்து எஞ்சின் நின்றதென்றால் மறுபடி சாவியைத் திருப்பவே கூடாது. 20 சென் காசுக்கு அங்கே வேலையில்லை, டோ வண்டிக்குத்தான் வேலை. பேட்டரி முனை, பிளக்கின் மேல் உட்காரும் காயில், சென்சார் சொருகிகள் எல்லாம் அதற்கு அடுத்த வரிசை. 'டிக்' என்ற சத்தம் கேட்கும்வரை அழுத்தாததுதான் அவற்றின் முழு வரலாறும்.

ஓடிக்கொண்டிருக்கையில் எஞ்சின் நின்றால் ஸ்டீயரிங் கல்லாகும், ஆனால் திரும்பும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் விசை இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும். பதற்றத்தில் மிதித்து மிதித்து விட்டால் அதுவும் போய்விடும். ஒரே அழுத்தாக அழுத்தியபடி இடது ஓரம் சேர்க்க வேண்டும். இதை எழுதும்போது எளிதாக இருக்கிறது.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பிப் போய் நடந்ததைச் சொன்னேன். போமென் கிளிப்பைத் தொட்டுப் பார்த்தார், தலையாட்டினார், "நல்லா டைட்டா இருக்கே போஸ்," என்றார். மாமா வாயே திறக்கவில்லை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சர்விஸ் முடிந்த காடியை அன்றைக்கே பாலத்தில் ஏற்றாதீர்கள். வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் இரண்டு வட்டம் போட்டுவிட்டு வந்து, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் உரிய இடத்தைத் தொட்டு அசைத்துப் பாருங்கள். எஞ்சின் ஆறிய பிறகு.