ஊருக்குச் செவப்பு அடிக்கப் போறியாமே, பேராண்டி?

என்னடா பேராண்டி, சனிக்கிழமை ராத்திரி கூட்டாளிகளோட சேந்து "பெயிண்ட் த டவுன் ரெட்"டுன்னு யாருகிட்டயோ போன்ல சொன்னியாமே? உங்க அப்பத்தா பதறிப் போச்சு. சுவரெழுத்து எழுதப் போறான்னு நெனச்சு, "இவன் எந்தக் கட்சில சேந்தான்?"னு எங்கிட்ட வந்து கேக்குது. குடிச்சுக் கும்மாளம் போடுறதுக்கு இங்கிலீசுக்காரன் வச்ச பேருன்னு சொல்லிச் சமாளிச்சேன். சொன்ன பெறகு இன்னும் சாஸ்தியாப் பதறுது.

நான் வேண்டாங்கலப்பா. வயசுப்பய, அனுபவி. ஆனா எதச் செஞ்சாலும் முறைதல தெரிஞ்சு செய்யணும். அந்தக் காலத்துல எப்படிச் செஞ்சாங்கன்னு சொல்றேன், குறிச்சுக்க.

மொதல்ல, பெரிய எடத்துல பொறக்கணும். நீ அங்கனயே தவறிட்ட. இந்தக் கூத்துக்குக் கதாநாயகன்னு சொல்ற ஆளு வாட்டர்ஃபோர்டு மார்க்வஸ்ங்குற பிரபு. அயர்லாந்துல பரம்பரை பரம்பரையாப் பண்ணையம், வயசு இருபத்தஞ்சு, கிறுக்கு மார்க்வஸ்னு பட்டப்பேரு. இங்கிலாந்துல லெஸ்டர்ஷயர் சீமையில மெல்டன் மோப்ரேன்னு ஒரு சின்ன ஊரு. நரி வேட்டைக்குப் பேர்போனது. பிடிச்சாக் கறிக்கும் ஆகாத நரி, அதத் தொரத்துறதுக்குன்னே ஊர்ல உள்ள பெரிய வீட்டுப் பயலுக குதிரையும் நாயுமா வந்து அங்க டேரா போடுவாங்க. வேலைவெட்டி இல்லாதவனுக்கு நரியும் பத்தாதுல்ல?

1837, ஏப்ரல் 6. க்ராக்ஸ்டன் பார்க்குல குதிரைப் பந்தயம் பாத்துட்டு, மூக்கு முட்டக் குடிச்சுட்டு, மார்க்வஸும் சகாக்களும் ராத்திரியில ஊருக்குத் திரும்புறாங்க. ஊரு எல்லையில சுங்கச்சாவடி. காவக்காரன் காசு கேட்டான். அவன் சோலி அது. அந்த நேரம் பாத்துச் சாவடியில மராமத்து வேலை. ஏணி, பிரஷ்ஷு, செவப்புப் பெயிண்டு எல்லாம் அங்கனயே கெடந்துச்சு. பெரிய மனுசன் கையில காசும் இருக்கு, பெயிண்டும் இருக்குன்னா எதக் குடுப்பான்? சாவடிக்கும் பூசி, காவக்காரனுக்கும் பூசி விட்டாங்க.

அப்பறம் ஊருக்குள்ள புகுந்தாங்க. வீட்டுக் கதவு, விடுதி வாசல்ல நின்ன வெள்ளை அன்னச் சிலை, ஒண்ணு பாக்கி இல்ல. தடுக்க வந்த ராக்காவல்காரனையும் புடிச்சுத் தள்ளி அவனுக்கும் ஒரு கோட்டிங். கூட்டத்துல ஒருத்தன் மாட்டிக் கொட்டடிக்குப் போனான்; மத்தவங்க திரும்பி வந்து, கதவ ஒடைச்சு அவன வெளிய கூட்டிட்டுப் போயிட்டாங்க. நட்புன்னா அது நட்பு. உன் கூட்டாளிக உனக்காக வாட்ஸ்அப்புல ரெண்டு அழுகாச்சிப் பொம்மை போடுவாங்க.

வழக்கு மறுவருசம் டெர்பியில நடந்துச்சு. கலகம்னு போட்ட கேசு நிக்கல. கைவச்சது குத்தம்னு ஆளுக்கு நூறு பவுன் அபராதம். அங்கத்திப் பண்ணைக் கூலிக்கு அப்ப வாரத்துக்குப் பத்து ஷில்லிங் சுமாருக்குத்தான் கெடைக்கும். இருவது ஷில்லிங் ஒரு பவுனு. கணக்குப் போட்டுப் பாரு, ஒரு குடியானவனுக்குக் கிட்டத்தட்ட நாலு வருசக் கூலி. மார்க்வஸுக்கு? ஒரு குதிரை வாங்குற காசு. ஹென்றி ஆல்கன்னு ஒரு ஓவியர் அந்தக் கூத்த அச்சுப்படமாவே போட்டாரு. அன்னத்த யாரு கழுவுனா, காவக்காரன் கழுத்துல இருந்த பெயிண்டு எத்தன நாள்ல போச்சு, அதையெல்லாம் படம் போட ஆளில்ல.

இதுல ஒரு வில்லங்கம் இருக்கு பேராண்டி. நடந்தது நெசம். ஆனா அந்தச் சொலவடை அதுலருந்துதான் வந்துச்சான்னு கேட்டா, பத்திரம் இல்ல. எழுத்துல அது கண்ணுல படுறதே 1880கள்ல, அதுவும் கடல் தாண்டி அமெரிக்காவுல. 1883ல நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில ஒரு சேதி. கட்சிக்காரக் கூட்டம் ஒண்ணு நியூவார்க்குன்னு ஒரு ஊருக்குப் போயி ஊத்திக்கிட்ட கதை. உங்க அப்பத்தா 'எந்தக் கட்சி'ன்னு கேட்டதுல தப்பே இல்ல பாத்தியா! நாப்பது வருசத்துக்கு மேல யாரும் வாயத் தொறக்காம இருந்துட்டு, எங்கயோ இருக்குற ஒருத்தன் வந்து 'இது எங்க தாத்தன் காடு'ன்னா, தாசில்தார் பட்டா குடுப்பாரா? சில பேரு குடிச்சவன் மூக்குச் செவக்குறதச் சொல்றாங்க, சில பேரு அமெரிக்காவுல மாடு மேய்க்குற பயலுக தேடிப் போன செவப்பு விளக்குத் தெருவச் சொல்றாங்க. எதுக்கும் சாட்சி வரல. எனக்கென்னமோ அமெரிக்காக்காரன் வாயில பொறந்ததுன்னுதான் படுது. மெல்டன்காரன் தத்து எடுத்துக்கிட்டான்.

அவனும் லேசுப்பட்டவன் இல்ல. பன்னிக்கறிய மாவுக்குள்ள வச்சுச் சுடுற பையி ஒண்ணு அந்த ஊரு ஸ்பெசலு, அதுக்குப் புவிசார் குறியீடே வாங்கி வச்சிருக்கான். பையிக்குப் பத்திரம் இருக்கு, பழமொழிக்கு இல்ல.

மார்க்வஸு கதையக் கேளு. கல்யாணம் கட்டுன பெறகு அடங்கிட்டாருன்னு சொல்றாங்க. 1859ல வேட்டைக்குப் போன எடத்துல குதிரையிலருந்து விழுந்து போய்ச் சேந்துட்டாரு. அந்தச் சொலவடை அச்சுல வர்றதுக்கு இருவது வருசத்துக்கு மேல முந்தி. ஊரே தன் பேருல ஒட்டவச்ச வார்த்தைய மனுசன் ஒரு தடவகூடக் கேட்டிருக்க மாட்டாரு.

சரி, நேரமாச்சு. செவப்பு அடிக்கப் போறவன் வண்டிச் சாவிய உங்க ஆத்தாகிட்டக் குடுத்துட்டுப் போ. டோல்கேட்டுல காசு கேட்டா மொறைக்காமக் குடு. பெயிண்டு வாங்குனா மட்டும் ஒரு லிட்டர் சேத்து வாங்கு, நம்ம வீட்டுத் திண்ணைக் கம்பி துருப்புடிச்சுக் கெடக்கு.